முதலாம் எதிரி

முப்பத்தொரு வருடங்கள் நான் மற்றவர்களின் குற்றங்களை மொழிபெயர்த்துச் சம்பளம் வாங்கியவன். கிழக்கிலே ஒரு நீதவான் நீதிமன்றத்தில் உரைபெயர்ப்பாளர் வேலை. பொலிஸார் சிங்களத்தில் எழுதிக் கொண்டுவருவதைத் தமிழில் சொல்வேன். கூண்டில் நிற்பவன் தமிழில் சொல்வதை, சாட்சிக்கு வந்த சிங்கள உத்தியோகத்தருக்கு விளங்கும்படி சிங்களத்தில் சொல்வேன். ஊரில் சிலர் என்னை இன்னமும் 'முதலியார்' என்றுதான் அழைக்கிறார்கள். பழைய காலத்துக் கோட்டு முதலியார் பதவியின் மிச்சம் அது. கோட்டும் இல்லை, தலைப்பாகையும் இல்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

எங்கள் நாட்டுச் சட்டத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு 'எதிரி' என்று பெயர். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் நீதிமன்ற அறிவித்தல் பலகையில் இதைப் படித்துவிட்டுத் திகைத்துப்போனார். "குற்றம் நிரூபிக்கப்படும் முன்னரே எதிரியாக்கிவிட்டீர்களே" என்றார். வழக்கில் எதிர்த்தரப்பில் நிற்பவர் என்ற பொருளில் வந்த சொல் என்று விளக்கினேன். சிங்களத்தில் 'வித்திகரு' என்பார்கள். அதில் பகை இல்லை. பேராசிரியர் தலையை ஆட்டினார், ஆனால் சமாதானமடையவில்லை. எனக்கும் அந்தச் சொல் முள்ளாகத்தான் இருந்தது. ஆனால் முள்ளோடு பழகிவிட்டால் கால் தானாக விலகி நடக்கும்.

எங்கள் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டுக்குரியது. வெள்ளைக்காரன் இந்தியாவுக்காக 1860இல் செய்த சட்டத்தைப் பார்த்து, இங்கே சிலதைக் கூட்டிக் குறைத்துச் செய்தது. கூட்டிக் குறைத்ததில்தான் சுவாரசியம் இருக்கிறது. இந்தியச் சட்டத்தில் பிறன்மனை சேர்வது குற்றமாக இருந்தது. 2018இல்தான் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. எங்கள் சட்டக்கோவையில் அது குற்றமாகச் சேர்க்கப்படவே இல்லை. ஷரீஅத்தில் அதுவோ ஹத்துக்குரிய பாவம். ஒரே செயல், பாக்கு நீரிணையின் அந்தக் கரையில் சிறை, இந்தக் கரையில் விவாகரத்து வழக்குக்கு ஒரு காரணம், பள்ளிவாசல் மிம்பரில் கல்லெறி. அதைச் செய்த ஆணும் பெண்ணும் மூன்று இடத்திலும் அதே ஆணும் பெண்ணும்தான்.

அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் இன்னும் பழையது, 1841. வேலையில்லாமல் தெருவில் நிற்பதே அதன்படி குற்றமாகலாம். திங்கட்கிழமைகளில் கசிப்பு வழக்குகள் வரும். ஒரு பெண் மாதம் தவறாமல் வருவாள். குற்றத்தை ஒப்புக்கொண்டு, சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருக்கும் குற்றப்பணத்தைக் கட்டிவிட்டு, "வாறன் முதலியார்" என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போவாள். அதே நகரின் பிரதான வீதியில் அரசாங்க முத்திரை ஒட்டிய சாராயப் போத்தல் பகிரங்கமாக விற்கப்படும். எனக்கு இரண்டும் ஹறாம். சட்டத்துக்கோ அனுமதிப்பத்திரம்தான் வித்தியாசம். ஒருநாள் அவள், "நானும் வரிதானே கட்டுறன், அவங்க வருசத்துக்கொருக்கா, நான் மாசத்துக்கொருக்கா" என்றாள். இதை நான் மொழிபெயர்க்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

சிரித்துவிட்டுப் போகக்கூடியவை இவை. அப்படிப் போக முடியாதவையும் உண்டு. பூச்சிநாசினி குடித்துப் பிழைத்த பிள்ளைகளைக் கூண்டில் ஏற்றுவார்கள். தற்கொலைக்கு முயல்வது அந்த நாட்களில் குற்றம். தொண்டை வெந்து குரல் வராத ஒரு பிள்ளை, பதினெட்டோ பத்தொன்பதோ இருக்கும், சாய்ந்தமருதோ நிந்தவூரோ எந்த ஊர் என்பதை விட்டுவிடுகிறேன், குற்றப்பத்திரிகையை நான் வாசிக்க வாசிக்க என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது. "உனது உயிரை நீயே மாய்த்துக்கொள்ள முயன்றதன் மூலம்..." அந்த வாக்கியத்தைச் சொல்லி முடிக்க எனக்கு எச்சில் விழுங்க வேண்டியிருந்தது. உலகிலேயே அதிகமாகத் தற்கொலை நடந்த நாடுகளுள் ஒன்றாக நாம் இருந்த காலம் அது. 1998இல் திருத்தச் சட்டம் வந்து அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. ஒருநாள் வரை எதிரி, மறுநாள் நோயாளி.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும், நம்மவர்கள் சிலர் கோபித்தாலும் சரி. 1995இல் பாலியல் குற்றங்கள் பற்றிய பகுதி திருத்தப்பட்டது. பதினாறு வயதுக்குக் குறைந்த பெண்ணுடன் உறவு கொண்டால், அவள் சம்மதித்தாலும் அது வல்லுறவு என்றானது. ஆனால் அவள் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட மனைவியாக இருந்தால் அல்ல என்று ஒரு வாசகமும் கூடவே எழுதப்பட்டது. பொது விவாகச் சட்டத்தில் வயது பதினெட்டாக உயர்ந்தபோது அந்த வாசகம் யாருக்காக எழுதப்பட்டது என்பதற்கு வியாக்கியானம் தேவையில்லை. வேலிக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு நடந்தால் குற்றம், இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு நடந்தால் கலியாணம். அதைத் தமிழில் பெயர்த்து உரத்து வாசித்தவன் நான். எனக்கும் அப்போது பன்னிரண்டு வயதில் ஒரு மகள் இருந்தாள்.

சின்ன வயதில் ஓதிக்கொடுத்த லெப்பை எங்களுக்கு ஐந்து படிகளைச் சொல்லித் தந்தார். பர்ளு, சுன்னத்து, முபாஹ், மக்றூஹ், ஹறாம். செய்தே ஆக வேண்டியதற்கும் செய்யவே கூடாததற்கும் நடுவில் மனிதன் கால் வைக்க மூன்று படிகள். அரசாங்கச் சட்டத்தில் அந்தப் படிகள் இல்லை. மக்றூஹுக்குத் தண்டனைச் சட்டக்கோவையில் பிரிவு கிடையாது. உமர் (றழி) அவர்கள் பஞ்ச காலத்தில் திருட்டுக்கான தண்டனையை நிறுத்தி வைத்தார்கள் என்பது நாமெல்லாம் மத்ரஸாவில் கேட்டு வளர்ந்த செய்தி. வயிறு காய்ந்தவன் எடுத்த கதிரும் வயிறு நிறைந்தவன் எடுத்த கதிரும் ஒரே கதிர் அல்ல என்று அவர்கள் கண்டார்கள். அந்தச் செய்தியை இப்போது எழுதும்போது எனக்குப் பெருமையை விட வெட்கமே அதிகம் வருகிறது. காரணம் இனித்தான் வருகிறது.

1993. படுவான்கரை இயக்கத்தின் கையில் இருந்தது. எழுவான்கரையில் ஐந்நூறு யாருக்கு ஒரு சென்றி. அவசரகால விதிகளின் கீழ் அந்தப் பக்கத்துக்குக் கொண்டுபோகக் கூடாத பொருட்களுக்கு ஒரு நிரல் இருந்தது. சீமெந்து, பசளை, எரிபொருள், பற்றறி. றேடியோவுக்குப் போடும் சாதாரணப் பற்றறிதான். என் ராத்தாவின் மாப்பிள்ளை, எங்கள் மாமியின் மகனும்கூட, சந்தைப் பக்கம் சில்லறைக்கடை வைத்திருந்தார். ஒருநாள் ஒரு தமிழ்ப் பொடியன் வந்து நான்கு பற்றறி வாங்கிப் போயிருக்கிறான். மாப் பைக்குள் ஒளித்துக்கொண்டு போனவன் சென்றியில் பிடிபட்டான். எங்கே வாங்கினாய் என்று கேட்டார்கள். மாலைக்குள் மச்சானையும் கொண்டுபோய்விட்டார்கள்.

இரண்டு பேரையும் எங்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். சட்டப்படி அந்தக் கட்டத்தில் அவர்கள் சந்தேகநபர்கள். ஆனால் கூப்பிடுகிறவர் பழக்கதோஷத்தில் "முதலாம் எதிரி, இரண்டாம் எதிரி" என்றே கூப்பிட்டார். பொடியன் முதலாம் எதிரி. மச்சான் இரண்டாம் எதிரி.

பீ அறிக்கை சிங்களத்தில் இருந்தது. வாக்குமூலங்களும் அப்படியே. நீதவான் வேறு மாவட்டத்திலிருந்து புதிதாக வந்த தமிழர். நான் தமிழாக்கி வாசித்துக்கொண்டு வந்தேன். மச்சானின் வாக்குமூலத்தில் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். அவர் சொன்னது, "பொடியன் ஒருத்தன் வந்து கேட்டான், அப்பாட றேடியோவுக்கு எண்டான், குடுத்தன்." எழுதியிருந்தது, இயக்கத்துப் பொடியன்களுக்குக் கொடுத்ததாக. வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அந்தக் காலத்தில் நாமெல்லாரும் இயக்கத்தவரைப் 'பொடியன்கள்' என்றுதான் சொன்னோம். தெருவில் பந்தடிக்கிறவனும் பொடியன், துவக்கு வைத்திருக்கிறவனும் பொடியன். அரைகுறைத் தமிழ் தெரிந்த ஒரு கொன்ஸ்தாபிள் இரண்டில் தனக்குத் தோதான அர்த்தத்தை எடுத்திருந்தார். வேண்டுமென்று செய்தார் என்று இன்றும் சொல்லமாட்டேன்.

மச்சான் கூண்டிலிருந்து "நான் அப்பிடிச் சொல்லல்ல" என்று சத்தம் போட்டார். என்ன சொன்னாய் என்று கேட்கும்படி நீதவான் எனக்குச் சொன்னார். கேட்டேன், சொன்னார். பொடியன் என்றால் எங்கள் பகுதி வழக்கில் சின்னவன் என்பதற்கு மேல் பொருள் எதுவும் கட்டாயம் இல்லை என்று நான் எடுத்துச் சொன்னேன். தேவைக்கு அதிகமாகவே சொல்லிவிட்டேன் போலும். நீதவான் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, "உமக்கு இவரைத் தெரியுமா?" என்றார்.

"இல்லை, ஐயா."

சட்டத்தரணிகள் மேசையில் ஒருவர் இருமினார். பதிவாளர் கோப்பில் குனிந்தார். அந்த மண்டபத்தில் இருந்த பாதிப் பேருக்கு நான் யார், அவர் யார் என்று தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சத்தியம் செய்து வேலைக்கு வந்தவன் திறந்த நீதிமன்றத்தில் பொய் சொல்வது எந்தப் பிரிவில் விழும் என்று எனக்குத் தெரியாதா? அதை நான் ஒருபோதும் பெரிதாக எடுத்ததில்லை. இப்போதும் அப்படித்தான்.

அடுத்ததாக முதலாம் எதிரியின் வாக்குமூலம். அதே கை, அதே மை, அதே வசனம். அடியில் விரலடையாளம். அவன் சொல்லியிருக்கக்கூடியதும் அதேதான்: அப்பாவின் றேடியோ. நான் எழுதியிருந்தபடியே வாசித்தேன். நிறுத்தவில்லை. நீதவான் ஏற்கனவே ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டார், இன்னொருமுறை வாய் திறந்தால் மச்சானின் விடயமும் கெட்டுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது காரணத்தில் பாதி. மறுபாதியையும் எழுதிவிடுகிறேன். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டு நின்றவர்கள் சுடப்பட்டு மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. அதே வருடம் ஒக்டோபரில் வடக்கிலிருந்து நம்மவர்கள் உடுத்த உடுப்போடு துரத்தப்பட்டிருந்தார்கள். அந்தப் பொடியன் எனக்கு 'அவங்கட ஆள்'. அதே ஆகஸ்டில் வீரமுனையில் தமிழ்ச் சனம் கொல்லப்பட்டதும் எனக்குத் தெரியும். ஆனால் அன்று அந்த மேசையருகில் நின்றபோது அது என் நினைவுக்கு வரவில்லை. அவன் மறுத்துச் சத்தம் போடவுமில்லை. என்னை ஒருமுறை பார்த்தான். நான் வாசிப்பது தான் சொன்னதல்ல என்று அவனுக்கு விளங்கியது. அதை எனக்கும் விளங்கியது என்பதும் அவனுக்கு விளங்கியது.

மச்சானுக்கு மூன்றாம் தவணையில் பிணை கிடைத்தது. பிறகு வழக்கையே கைவிட்டார்கள். பொடியனைத் தடுப்புக்காவல் கட்டளை ஒன்றைக் காட்டித் தெற்கே கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு அவனுடைய கோப்பு எங்கள் நீதிமன்றத்துக்கு வரவில்லை.

சில வருடங்கள் கழித்து சிங்கராசா வழக்கைப் பற்றி அறிந்தபோது எனக்கு நித்திரை வரவில்லை. மட்டக்களப்புப் பக்கத்தவர், 1993இல் பிடிக்கப்பட்டவர். சிங்களத்தில் எழுதப்பட்ட ஒரு குற்ற ஒப்புதலில் விரலடையாளம் வைத்தவர். சிங்களம் வாசிக்கத் தெரியாதவர். அந்த ஒப்புதலை மட்டும் வைத்து 1995இல் ஐம்பது வருடத் தண்டனை விதித்து, மேன்முறையீட்டில் முப்பத்தைந்தாகக் குறைத்தார்கள். அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று ஐ.நா. மனித உரிமைகள் குழு 2004இல் சொன்னது. 1979இல் மூன்று வருடத்துக்கு மட்டும் என்று கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டம், 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட சட்டம், பொலிஸ் உயர் அதிகாரி முன் சொன்னதையும் ஒப்புதலாக ஏற்கிறது. எழுதுகிற கைக்கும் வாசிக்கிற வாய்க்கும் அது கொடுக்கும் பலத்தை அந்த வேலையில் இருந்தவன்தான் அறிவான்.

2002 சமாதான காலத்தில் தடை நீங்கியது. பற்றறிகள் பெட்டி பெட்டியாகத் துறை தாண்டிப் போயின. மச்சான் ஒரு வாரத்தில் கடை றாக்கை இரண்டு தரம் நிரப்பினார். ஒருவரும் பிடிக்கவில்லை.

இனி 2019. நான் ஓய்வுபெற்று ஐந்து வருடம். ஏப்ரல் 21 ஞாயிறு தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் நடந்ததை நாம் எல்லோரும் தலைகுனிந்து பார்த்தோம். அதன்பின் வந்த கிழமைகளில் வீடு வீடாகத் தேடுதல். முகத்தை மூடுவது குற்றமானது. தேங்காய் உரிக்கும் கத்தி குற்றமாகுமா, குர்பானிக் கத்தி குற்றமாகுமா என்று ஊரில் தர்க்கம். அறபு எழுத்து இருந்த எல்லாவற்றையும் சனம் பயந்தது. ஒரு பின்னேரம் என் மனைவி கிதாபு அலுமாரிக்கு முன் வந்து நின்றாள்.

"இதுகள என்னத்தச் செய்யப் போறீங்க?"

"எல்லாம் மார்க்கக் கிதாபுதானே."

"அது உங்களுக்குத் தெரியும். வாறவனுக்குத் தெரியுமா?"

முப்பத்தொரு வருட அனுபவத்தோடு நான் நிலத்தில் அமர்ந்து பிரிக்கத் தொடங்கினேன். இது இருக்கலாம், இது கூடாது, இது சந்தேகம். தமிழ் அட்டை, சிங்களச் சட்டப் புத்தகம் எல்லாம் ஒரு பக்கம். அறபு எழுத்து எல்லாம் மறுபக்கம். எந்தக் கொன்ஸ்தாபிளும் என்னைவிட வேகமாகப் பிரித்திருக்க மாட்டார். அந்த இரண்டாவது குவியலில் எங்கள் மூத்தாப்பாவின் கொப்பியும் போனது. அறபுத் தமிழில் அவர் கைப்பட எழுதியது. எழுத்து அறபு, பாஷை எங்கள் ஊர்த் தமிழ். வாதத்துக்கு எண்ணெய் காய்ச்சும் விதம், எந்த வயலுக்கு எத்தனை அவணம் விதைப்பு, குடும்பத்தில் யார் எப்போது பிறந்தது, யார் எப்போது மௌத்தானது. அதில் குற்றம் என்று சொல்ல ஒரு எழுத்தும் இல்லை என்று இந்த உலகத்தில் அறிந்திருந்த ஒரே ஆள் நான். அதை வாசித்துப் பெயர்த்துச் சொல்லக்கூடிய ஒரே ஆளும் நான்தான். ஆனாலும் அரிசிப் பையில் போட்டு, கல் வைத்துக் கட்டி, இஷாவுக்குப் பிறகு பின்வளவில் பாவிக்காமல் கிடந்த கிணற்றில் இறக்கிவிட்டேன்.

மூன்றாம் நாள் தேடுதல் வந்தது. வந்த சிப்பாய்க்கு என் மகனின் வயது இருக்காது. அலுமாரியைத் திறந்து பார்த்தான், மூடினான். சுவரில் பள்ளிவாசல் கலண்டர் அறபு எழுத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் அதை மறந்தே போயிருந்தோம். இது என்ன என்றான். தொழுகை நேரம் என்றேன். சரி என்றான். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனான்.

பயம் வீண்பயம் என்று சொல்ல வரவில்லை. 2019இல் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார ஒரு சிறுகதைக்காகப் பிடிக்கப்பட்டு நான்கு மாதம் உள்ளே இருந்தார். 2020 மே மாதத்தில் நம் இளங்கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 'நவரசம்' என்ற கவிதைத் தொகுதிக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார். வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகளும் அதில் இருந்தன. 2021 டிசம்பரில் பிணை, 2023இல் விடுதலை. நடுவில் போன நாட்களுக்கு எந்தக் கணக்கிலும் வரவு இல்லை. அதே 2020இல் மையித்தை அடக்குவதும் குற்றமாகியது. கொவிட்டில் இறந்தவர்களை எரித்தே ஆகவேண்டும் என்ற ஏப்ரல் மாத விதி அடுத்த வருடம் பெப்ரவரி வரை இருந்தது. லெப்பை சொல்லித் தந்த முதலாவது படியில் இருந்த பர்ளு கிபாயா, வர்த்தமானியில் கடைசிப் படிக்குப் போனது. 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கிய அந்த மார்ச் மாதத்தில் ஒருநாள் மச்சான் வீட்டுக்கு வந்தார். கால் வாதம், பிடித்துப் பிடித்துத்தான் படி ஏறினார். தேநீர் குடித்துக்கொண்டே கேட்டார்.

"மச்சான், உம்மா மௌத்தானது றஜப் மாசம் எண்டு தெரியும். எத்தினையாம் பிறை? மூத்தாப்பாட கொப்பியில கிடக்கும். கத்தம் ஒண்டு ஓதணும்."

"கறையான் திண்டுட்டு மச்சான்."

என் மனைவி குசினிக்குள் போய்விட்டாள். மச்சான் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நான் எண்டா கொப்பி ஒண்டையும் விடமாட்டன். கடைக் கடன் கொப்பி எல்லாம் தகரப் பெட்டிக்குள்ள வெச்சிருக்கன், ஆருட ஹக்கும் நம்மட கழுத்துல கிடக்கக் கூடாது" என்றார். கோப்பையை வைத்தார். "அந்தப் பொடியன்டையும் கிடக்கு. நூறு ரூபாத் தாள் தந்தான், மாத்தக் காசு இல்ல, பொறகு வந்து எடு எண்டன். ஊர் தெரியும், பேர் கேக்கல்ல. உங்கட கோட்டுப் புத்தகத்துல அவன்ட பேர் இருக்கும்தானே?"

இருக்கும் என்றேன். முதலாம் எதிரி என்று நான் வாசிக்கும் முன் ஒரு பெயரையும் வாசித்திருப்பேன். அது எனக்கு ஞாபகமில்லை.

"அப்ப ஒருக்கா பாத்துச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, மச்சான் கைத்தடியை எடுத்துக்கொண்டு படி இறங்கினார்.